ஐந்தாவது முத்திரை

பியோ க்யோங்சுக்குக்கு நாற்பத்தாறு வயது. போஹாங்கில் மூன்று கல்லூரிகளுக்கு அலைந்து மணிக்கணக்குச் சம்பளத்துக்குக் கணிதம் நடத்துகிறவள். முனைவர் பட்டத்துக்கு அவளுக்குக் கொடுத்த பத்தாண்டுக் கெடு அன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. ஆய்வேட்டின் ஒப்புதல் தாளில் ஐந்து பேராசிரியர்கள் கையெழுத்துக்குப் பதில் தங்கள் பெயர் முத்திரையைக் குத்த வேண்டும். நான்கு விழுந்துவிட்டன. ஐந்தாமவர் ஹா ஸோங்கோன் தேகுவில் இருந்தார். நண்பகல் பஸ்ஸில் ஏறினாள்.

கணிதக்காரர்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. வேறு யாராக இருந்தாலும் கையிலிருந்த கிம்பாப் சோற்றுச் சுருளைத் தின்றுவிட்டுத் தூங்கியிருப்பார்கள். இவள் டிக்கெட்டின் பின்புறத்தில் தன் தேற்றத்தைக் கடைசியாக ஒருமுறை சீண்டிப் பார்த்தாள்.

வெளியை உருமாற்றும் ஆபரேட்டர்களால் ஆன இயற்கணிதம் ஒன்றில், உருண்டைக்குள் எங்கே போனாலும் அளவு மீறாத ஹோலோமார்ஃபிக் என்னும் சீரான சார்பை, அதைவிடப் பெரிய வெளியின் உருண்டைக்கும் நீட்டலாம். இது பழைய சங்கதி. அப்படி நீட்டும்போது வெளியே இருக்கும் இரண்டு புள்ளிகளை நெருங்க, அதாவது எல்லை எடுக்க, வேண்டிவரும். எதை முதலில் நெருங்கினாலும் விடை ஒன்றே என்பது அவள் சேர்த்தது. 'எல்லா ஆபரேட்டர் இயற்கணிதங்களிலும்' என்று தலைப்பிலேயே பெருமையாகப் போட்டிருந்தாள்.

ஆபரேட்டர் ஒவ்வொன்றுக்கும் கண்ணாடிப் பிம்பம் போல ஓர் இணை உண்டு. இணைகளும் கூடவே குடியிருக்கும் இயற்கணிதங்களில் தேற்றம் அசையாமல் நின்றது. இணைகள் உள்ளே இல்லாத ஓர் இயற்கணிதத்தை, எந்த இரண்டைப் பெருக்கினாலும் பூஜ்யமே வரும் ஒரு நோஞ்சானை, போட்டுப் பார்த்தாள். ஒரு வரிசையில் விடை 1 என்று வந்தது. வரிசையை மாற்றினால் பூஜ்யம். திரும்பப் போட்டாள். அதே பூஜ்யம். தலைப்பிலிருந்த 'எல்லா' பொய்.

ஹாவின் அறையில் சிவப்பு மைப்பெட்டி திறந்தே இருந்தது.

"வாங்க பியோ டீச்சர். பத்து வருஷம். இதுக்குள்ள ஒரு பாலமே கட்டி முடிச்சிருப்பாங்க."

"சார், மூணாவது அத்தியாயம் தப்பு."

அவர் டிக்கெட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இணை இருந்தா?"

"நிக்கும் சார்."

"அப்போ தலைப்புல ஒரு வார்த்தை சேர்த்தா போச்சு."

"தலைப்பு இந்தத் தாள்லதான் இருக்கு. மாத்தினா நாலு பேரும் திரும்பக் குத்தணும். அவங்கள்ல மோக் சார் சியோல் போயிட்டாரு."

ஹா கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டரை. "இதைப் படிக்கப்போறது உலகத்துல ஆறு பேர். அதுல அஞ்சு பேர் நாங்க. குத்திடறேன். திருத்தம் அப்புறம் போட்டுக்கலாம்."

"ஆறாவது ஆள் நான் சார்."

"சும்மா இருங்க."

அவர் முத்திரையை மையில் அழுத்தினார். அவள் சும்மாதான் இருந்தாள். பட்டம் வேண்டாம் என்று சொல்ல அவள் துறவியல்ல. அது இருந்தால் நிரந்தர வேலை, ஒரே கல்லூரி, தனக்கென்று ஒரு மேசை. முத்திரை இறங்கியது. அவள் கை நீண்டு தாளை மறைத்துக்கொண்டது. புறங்கையில் சுரீரென்று விழுந்தது.

"என்ன டீச்சர் இது?"

"தெரியல சார்."

அவர் முத்திரையைத் துடைத்து உறையில் போட்டார். "பிழைக்கத் தெரியாதவங்க நீங்க" என்றார். திட்டுகிற குரலாக இல்லை.

திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே ஐந்து மணி ஆகிவிட்டது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். வீட்டில் சோப்புப் போட்டுத் தேய்த்தும் மை முழுதாகப் போகவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் முன்வரிசைப் பெண் கேட்டாள்: "டீச்சர், கையில என்ன சிவப்பா?"

"டாக்டர் பட்டம்" என்றாள் க்யோங்சுக். பிறகு சாக்பீஸை எடுத்து, எல்லைகளின் வரிசையை எப்போது மாற்றக்கூடாது என்று எழுத ஆரம்பித்தாள்.