சந்தனப் பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

என் வீட்டுக்காரருக்குக் குரல் போன வருஷம்தான் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும் மக்கர் பண்ணியது. அவருக்குத் தொண்டையில் கட்டி. மருத்துவமனையில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தார், பேச்சு போய்விட்டது. அதுவரை பஸ் கண்டக்டராக இருந்தவர். "உஜோங் பாசிர், உஜோங் பாசிர்!" என்று அவர் கூவினால் தெருக்கோடியில் நிற்கிறவனும் ஓடி வந்து ஏறுவான். அப்படிப்பட்ட மனுஷன் மடியில் சிலேட்டை வைத்துக்கொண்டு சாக்பீஸால் எழுதிக் காட்ட ஆரம்பித்தார். சண்டை போட்டாலும் நான் கத்தி ஓயும்வரை காத்திருந்து ஒரே ஒரு வார்த்தை எழுதுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், பள்ளிக்கூடத்தில் ஃபாரம் ஃபைவ் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள் அவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, மைக்கைக் கையில் கொடுத்து, "ஏதாச்சும் பேசுங்கப்பா" என்றாள். "என்னத்தப் பேசுறது?" என்று வெட்கப்பட்டவர், அப்புறம் மெர்டேக்கா கதையை, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம் வந்த கதையைச் சொன்னார். சின்னப் பையனாக இருந்தபோது அவர் அப்பா தோளில் தூக்கிக்கொண்டு படாங் மைதானத்துக்குப் போனாராம். கூட்டத்தோடு சேர்ந்து இவரும் "மெர்டேக்கா, மெர்டேக்கா" என்று கத்தியதில் தொண்டை கட்டிக்கொண்டதாம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பேர் கூப்பிட்டபோது "உள்ளேன் ஐயா" சொல்லக் குரல் வராமல், ஆள் எதிரிலேயே நிற்க ஆப்சென்ட் போட்டுவிட்டாராம். கதையின் முடிவில் அவருக்கு ஓர் இருமல் வரும். பின்னாலேயே அடுப்படியிலிருந்து என் சத்தம்: "கதை அளந்தது போதும், சோறு ஆறுது!" அதற்கு அவர், "இரு, வரேன்" என்பார். அவ்வளவுதான்.

அதை ஒரு ஃப்ளாப்பியில் எடுத்து வைக்க மகள் எவ்வளவோ பார்த்தாள். "கொள்ளல மா, ரொம்பப் பெருசா இருக்கு" என்றாள். ஆக, என் புருஷன் குரல் இந்த உலகத்தில் இருந்த இடம் அந்தப் பெட்டியின் வயிறு ஒன்றுதான். எனக்குக் கம்ப்யூட்டரில் தெரிந்ததும் ஒன்றே ஒன்றுதான், அதைத் திறந்து கேட்பது. நான் போட்டால் அவர் எழுந்து வாசல் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். மழை பெய்துகொண்டிருந்தாலும் போவார். அவர் அந்த மவுசைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை.

சரஸ்வதி பூஜை வந்தது. மகளின் புத்தகங்கள், அவருடைய பழைய டிக்கெட் பஞ்ச், என் கத்தரிக்கோல் எல்லாம் சாமி மேடைக்குப் போயின. கம்ப்யூட்டரை யார் தூக்குவது? அது இருந்த இடத்திலேயே திரைக்கு ஒரு பொட்டு, கீழே இருந்த பெட்டியின் தலையில் ஒரு பொட்டு, மவுசுக்கும் ஒரு பொட்டு வைத்து, பூச்சரத்தைப் போட்டு, கற்பூரம் காட்டினேன். மறுபூஜை வரைக்கும் யாரும் எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவைத்தேன். தொடவும் இல்லை.

மறுநாள் காலை மறுபூஜை முடிந்து மகள் டியூஷனுக்குப் போனபின், ஒரு தடவை கேட்டுவிட்டுச் சமைக்கலாம் என்று சுவிட்சைப் போட்டேன். வழக்கமான படம் வரவில்லை. கறுப்புத் திரையில் இங்கிலீஷில் இரண்டு வரி. டிஸ்க் சரியில்லை, மாற்றிவிட்டு ஏதாவது ஒரு பட்டனை அழுத்து என்றது. அழுத்தினேன். அதே இரண்டு வரி. இருக்கிற பட்டனையெல்லாம் அழுத்தினேன். ம்ஹூம்!

டவுனில் கம்ப்யூட்டர் விற்ற சீனருக்குப் போன் போட்டேன். திரையில் இருந்ததை வாசித்துக் காட்டியதும், "ஹார்ட் டிஸ்க் ரோசாக் லா, காக். கொண்டு வாங்க, ஃபார்மட் பண்ணிடுவோம்" என்று மலாயில் சொன்னார். ரோசாக் என்றால் கெட்டுப்போனது.

"உள்ள இருக்கிறதெல்லாம்?"

"ஹாபிஸ் லா."

எல்லாம் போச்சு என்று அர்த்தம். போய் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிலேட்டில் எழுதினார்: 'பரவாயில்லை.'

வந்ததே எனக்குக் கோபம்! "என்னங்க பரவாயில்ல? உங்களுக்குப் பரவாயில்ல. எனக்கு? இந்த வீட்டுல நான் ஒருத்தி மட்டும் தனியா கத்திக்கிட்டே சாவணுமா? செடிக்குத் தண்ணி ஊத்தப் போற மனுஷனுக்கு அதோட அரும என்ன தெரியும்!" என்று கத்திவிட்டு அழுதேன். அவர் என்னையே பார்த்தார். உள்ளங்கையால் சிலேட்டைத் துடைத்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தார்.

பெட்டியைத் திறந்தார். உள்ளே தூசி. ஊதினார் என்று எழுத வந்தேன், அவரால் ஊதவும் முடியாது. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினார். ஒவ்வொரு வயராகக் கழற்றி மாட்டினார். "அதத் தொடாதீங்க! கரண்டு அடிச்சா நான் யாரக் கூப்பிடுவேன்?" என்று நான் பின்னால் நின்று உயிரை வாங்கினேன். அவர் பிளக்கைத் தூக்கிக் காட்டினார். கழற்றித்தான் வைத்திருந்தார். திரும்ப மாட்டிப் போட்டால், அதே இரண்டு வரி. துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

மூடியைப் போடும்போதுதான் அவர் கை நின்றது. ஃப்ளாப்பி போடுகிற வாயில் கொஞ்சம் சந்தனம் ஈஷியிருந்தது. நீயா வைத்தாய் என்று என்னைப் பார்த்தார். "அய்யோ, நான் தலையிலதான் வச்சேன்" என்றேன். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஒரு ஃப்ளாப்பி. பட்டனை அழுத்தினால் வரவில்லை, சந்தனம் காய்ந்து பசையாகப் பிடித்துக்கொண்டிருந்தது. என் புருவ முடி எடுக்கும் இடுக்கியை விட்டு மெதுவாக இழுத்தார். நட்டநடுவில் சந்தனமும் குங்குமமுமாக, மகளின் பயாலஜி நோட்ஸ் இருந்த ஃப்ளாப்பி வெளியே வந்தது.

"புக்கெல்லாம் பூஜையில வைக்கணும்னு நீங்கதானே மா சொன்னீங்க? கம்ப்யூட்டருக்குத்தான் பூஜை பண்றீங்களேன்னு நானும் பொட்டு வச்சு அதுக்குள்ளயே விட்டுட்டேன்" என்று அவள் அப்புறம் சொன்னாள். கம்ப்யூட்டர் எழுந்ததும் முதலில் அந்த வாயைத்தான் பார்க்குமாம். அங்கே பயாலஜியைப் பார்த்து மலைத்து நின்றிருக்கிறது. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

மறுபடி சுவிட்சைப் போட்டார். படம் வந்தது, பாட்டும் வந்தது. நான் மவுசுக்குக் கையை நீட்டினேன். அதற்குள் அவர் கை அதன்மேல் இருந்தது.

எங்கே இருக்கிறது என்று தேடவே இல்லை. டக் டக்கென்று திறந்து போட்டார். "என்னத்தப் பேசுறது?" என்றது பெட்டி. அவர் உதடும் அசைந்தது. படாங், அப்பாவின் தோள், வாத்தியார் என்று ஒரு வார்த்தை பிசகாமல் கூடவே வாயசைத்துக்கொண்டு வந்தார். இருமல் வருவதற்கு முன்னாலேயே அவர் கை நெஞ்சுக்குப் போனது. பெட்டிக்குள் நான் கத்துவதற்கு முன்னாலேயே சிரித்தார். நானும் மகளும் வெளியே போகிற நேரமெல்லாம் இந்த மனுஷன் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பரவாயில்லன்னா எழுதுனீங்க?" என்றேன்.

அவர் சிலேட்டை எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "இரு, வரேன்" என்றது பெட்டி. அவர் வாயும் அதையேதான் சொன்னது, என்னைப் பார்த்து.