வேப்பிலைக்குள் மாத்திரைகள்

என் மனைவியின் உயிர் தினமும் ஒரு சிறிய வெள்ளை மாத்திரையில் ஓடுகிறது. பிள்ளைப்பேற்றில் ஏராளமாக ரத்தம் போய், மூளைக்கு அடியில் இருக்கும் சுரப்பி கெட்டுவிட்டது. உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஹார்மோனை நாங்கள் மெடிக்கல் ஷாப்பில் வாங்குகிறோம். எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது, காய்ச்சல் வந்தால் இரட்டிப்பாக்க வேண்டும் என்பது மதுரை டாக்டரின் விதி. நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் மேஜையைப் பார்த்தார். தாலுகா ஆபீசில் விதிகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அப்படி மேஜையைப் பார்ப்பதன் அர்த்தம் எனக்குத் தெரியும்.

போன கோடையில் அவளுக்கு அம்மை போட்டது.

அம்மை வீட்டில் தாளிக்கக் கூடாது, வெளியாள் வரக் கூடாது, மருந்து கூடவே கூடாது. தாசில்தார் உத்தரவென்றால் ஆர்.டி.ஓ.விடம் அப்பீல் போகலாம். ஆத்தா உத்தரவுக்கு அப்பீல் கிடையாது. பாலவனத்தத்திலிருந்து பஸ் ஏறி வந்த என் அக்கா, வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டு நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டாள்.

நான் டாக்டருக்குப் போன் செய்தேன். அம்மைக்குத் தனி மாத்திரை எழுதி அனுப்பினார். வாந்தி வந்தால், அவசரத்துக்கென்று வீட்டில் வைத்திருக்கும் ஹார்மோன் ஊசியைப் போட்டு உடனே கூட்டிவரச் சொன்னார். அக்கா அடுப்படியில் இருக்கும் நேரம் பார்த்து அதையும், இரட்டிப்பாக்கிய வெள்ளை மாத்திரையையும் கொடுத்தேன். மனைவி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். நடைமுறை முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் மதியம் வாந்தி எடுத்தாள். வெளியே வெயில் கொளுத்த, அவள் கை குளிர்ந்து கிடந்தது. கூப்பிட்டால் கண் பாதிதான் திறந்தது. படுக்கையின் வேப்பிலையை அக்கா அள்ளினாள். இலையோடு மாத்திரைகளும் உதிர்ந்தன, எச்சிலில் ஊறி ஓரம் கரைந்து.

"ஆத்தா மேல்ல இருக்கையில திங்கலாமாங்க?" என்று மனைவி முனகினாள்.

பீரோவிலிருந்து ஊசிப் பெட்டியை எடுத்தேன். அக்கா கட்டிலை மறித்து நின்றாள்.

"ஏலே, முத்துப் போட்ட மேல்ல ஊசி குத்தப் போறியா? வெளங்குமா இந்த வீடு?"

"அக்கா, இது அம்மைக்கு மருந்தில்ல. இவ கெணத்துல ஊத்து அடைஞ்சு போச்சு. லாரித் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கோம். ரெண்டு நாளா லாரி வரல."

அக்கா தம்பி பெண்டாட்டியின் நெற்றியைத் தொட்டாள். தொட்ட கையை வெடுக்கென்று எடுத்தாள்.

"என்னலே இப்படிச் சில்லுனு கெடக்கா?"

"அதத்தான் சொல்றேன்."

"தண்ணி குடுக்குறதுக்கு ஆத்தா கோவிக்க மாட்டா. குத்து." உடனே, "இரு, ஊசிய மஞ்சத்தண்ணியில முக்கித் தாரேன்" என்றாள்.

"அதுக்கு நீ என்னையே முக்கலாம்."

பெட்டியின் மேல் ஒரு கொத்து வேப்பிலையை வைத்து எடுத்துவிட்டு வழிவிட்டாள்.

நர்ஸ் சொல்லித் தந்தபோது எலுமிச்சம்பழத்தில் குத்திப் பழகியவன் நான். எலுமிச்சம்பழத்துக்குக் கொப்புளம் கிடையாது. தொடையில் கொப்புளமில்லாத இடத்தை விரலால் தடவித் தேடினேன். மருந்துப் பொடியைக் கரைக்கும்போது பாதி சிந்திவிட்டதோ என்ற சந்தேகம். குத்தினேன். அவள் முகம் சுளிக்கக்கூட இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

ஆம்புலன்ஸ் வந்தது. மதுரை போகும் வழியெல்லாம் அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி வந்தேன். நாடி ஓடுகிறதா, வண்டி அதிர்கிறதா என்று தெரியவில்லை.

பிழைத்தாள். அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, பழையபடி என்னைத் திட்டவும் தொடங்கிவிட்டாள். நான்தான் பழையபடி ஆகவில்லை. காலையில் மாத்திரை கொடுத்ததும் வாயைத் திறக்கச் சொல்கிறேன்.

"நான் என்ன நகையவா முழுங்கிட்டேன்?" என்கிறாள்.

நாக்கைத் தூக்கச் சொல்லி அடியிலும் பார்க்கிறேன். அவள் குளிக்கப் போனதும் தலையணையைத் தூக்கிப் பார்க்கிறேன்.