ஏலக்காய் ஸ்டோரில் காயவைத்த கண்ணாடி

1. கல் உருண்ட கதை

முன்கண்ணாடி இல்லாத கார் ஒன்று என் கடை வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் குரங்குக் குல்லாவும் கூலிங்கிளாசும் போட்டு, மூக்கு வாயெல்லாம் துண்டால் சுற்றியிருந்தார். போடிமெட்டிலிருந்து அத்தனை மலை வளைவையும் இந்தக் கோலத்திலேயே இறங்கி வந்திருக்கிறார். துண்டை அவிழ்த்த பிறகுதான் முருகேசன் என்று தெரிந்தது. மெட்டுக்கு அந்தப் பக்கம் குத்தகைக்கு ஏலத்தோட்டம் வைத்திருப்பவர். காய் எடுக்கும் பெண்களைக் காலையில் போடியிலிருந்து தன் காரிலேயே ஏற்றிப்போய், சாயங்காலம் கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

"மேலருந்து கல்லு உருண்டு விழுந்துருச்சு பாய்."

போடியில் கார் கண்ணாடிக் கடை வைத்து முடி நரைத்தவன் நான். உடைந்த கண்ணாடியோடு வருகிற எல்லோரும் கல் என்றுதான் சொல்வார்கள். தூக்கக் கலக்கத்தில் மரத்தில் மோதினாலும் கல்தான். வீட்டுச் சண்டையில் மச்சான் உலக்கையைத் தூக்கி எறிந்தாலும் கல்தான். அதனால் யார் சொன்னாலும் முதல் பேச்சில் நம்புவது கிடையாது. டேஷ்போர்டைத் தடவிப் பார்த்தேன். செம்மண் ஒட்டியிருந்தது. சரி, இந்த முறை கல்தான்.

"கண்ணாடி இருக்கு. வண்டிய விட்டுட்டுப் போ மாப்ளே. நாளைக்குக் காலையில எடுத்துக்க."

"ஒரு கண்ணாடி ஒட்ட ஒரு ராத்திரியா?"

"ஒட்டுறது வெரசா ஒட்டிரலாம். பேஸ்ட் இறுகணும்ல?"

முருகேசன் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். மீன்காரர் 'இன்னிக்குப் பிடிச்சது' என்று சொல்லும்போது நான் சிரிக்கிற சிரிப்பு அது.

"போன தடவ ஒரு பட்டறையில வண்டிய ராத்திரி விட்டேன். காலையில என் புது பேட்டரி பழசாயிருச்சு. கண்ணாடியும் பேஸ்டும் குடுங்க. வீட்டு வாசல்ல வச்சு நானே ஒட்டிக்கிறேன். பழைய ஜீப்புக்கு நான்தான மாட்டுனேன்?"

பழைய ஜீப்பு வேறு. அதில் கண்ணாடியைச் சுற்றி ரப்பர் பீடிங் இருக்கும். கயிறு கொடுத்து இழுத்தால் உட்கார்ந்துவிடும். இந்தக் காரில் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள பேஸ்டைத் தவிர எதுவும் இல்லை. இதையெல்லாம் சொன்னேன். பழைய பேஸ்டில் மெல்லிசாக ஒரு படிவம் மட்டும் விட்டு மீதியைச் சீவ வேண்டும், பிடிமானத்துக்கு பிரைமர் தடவ வேண்டும், பேஸ்ட் பிதுக்குகிற துப்பாக்கியால் ஒரே சீராக விட வேண்டும், ஒட்டிய பிறகு பக்கக் கண்ணாடிகளைக் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும், கதவை அடித்துச் சாத்தக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"வெரசா இறுக வழி எதுவும் இல்லையா பாய்?"

"இல்ல."

அந்த 'இல்ல'யை அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கூலிக்காகப் பொய் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. வழியில் உடைத்துவிட்டு, விரிசல் விழுந்த கண்ணாடியைக் கொடுத்தேன் என்று வந்து நின்றால்? கம்பெனி முத்திரை தெரிகிற மாதிரி கண்ணாடியை நிறுத்தி, பக்கத்தில் அவரையும் நிறுத்தி, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். அவர் அந்த முத்திரையை நகத்தால் சுரண்டி, ஸ்டிக்கரா என்று சோதித்தார். பிறகு கண்ணாடியைக் கம்பளியில் சுற்றிப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு, மறுபடி குல்லா மாட்டி மலையேறினார்.

2. மூச்சு விடுகிற கண்ணாடி

மறுநாள் சாயங்காலம் செல்லத்தாய் கடைக்கு வந்தார். முருகேசனுக்கு ஆள் சேர்த்துக்கொடுக்கும் கங்காணி. காரில் முன்சீட்டு அவருடையது. எல்லாப் பெண்களின் சாப்பாட்டு வாளியும் அவர் மடியில்தான் மலையேறும்.

"ஏம் பாய், நீங்களும் முருகேசனும் சேந்து என்ன கண்ணாடி மாட்டியிருக்கீக?"

"நான் மாட்டல ஆத்தா. அவரே ஒட்டிக்கிட்டாரு."

"அவரக் கேட்டா பாய் கடைக் கண்ணாடிங்கிறாரு. ஒங்களக் கேட்டா அவரு சோலிங்கிறீக. ரெண்டு பேரும் கையக் கழுவிட்டீக. கதவச் சாத்துனா கண்ணாடி மூச்சு விடுது பாய்!"

இலவசமாகச் சரிபார்க்க வைக்க முருகேசன்தான் இவரை அனுப்பியிருக்கிறாரோ என்று நினைத்தேன். அதனால் போலீஸ்காரர் மாதிரி கேட்டேன்.

"எந்த எடத்துல மூச்சு விடுது?"

"மேல, என் பக்கத்து மூலையில. கைய வச்சா காத்து வருது. மெட்டுக்கிட்ட மூடுபனி உள்ள எறங்கி வாளி மேல சொட்டுது."

"வாசம் ஏதும் வருதா?"

"வருது. பெயிண்டு மாதிரி ஒரு நாத்தம், தலைய வலிக்குது."

சொல்லிக்கொடுத்து வந்தவர் வாளி மேல் சொட்டுவதைச் சொல்ல மாட்டார். மெட்டுப் பாதையை நினைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். வளைவில் திரும்பும்போது கண்ணாடி கழன்று ஸ்டியரிங் மேல் விழுந்தால், முன்சீட்டோடு முடிகிற கதை இல்லை. பின்னால் இருக்கிற அத்தனை பெண்களும் போய்விடுவார்கள்.

முருகேசனுக்கு போன் போட்டேன்.

"கூலி போச்சேன்னு வயித்தெரிச்சலா பாய்?" என்று கேட்டு வைத்துவிட்டார்.

"நாளைக்கு அந்த வண்டியில ஏறாத ஆத்தா" என்றேன்.

"நான் ஏறலன்னா வேற கங்காணியக் கூட்டிக்கிருவாரு. எங்காளுக பூராவும் வீட்ல ஒக்காரணும். நீங்களே வந்து அவருகிட்டச் சொல்லுங்க."

3. ஒரு கதவுச் சாத்தல்

காலையில் பெண்கள் வண்டியேறும் இடத்தில் போய் நின்றேன். முருகேசன் வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"யாரும் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு சோலி மாப்ளே. எல்லாக் கண்ணாடியையும் ஏத்திவிட்டு, ஒன் கதவ ஓங்கிச் சாத்து."

"எதுக்கு? நீங்க எதையாச்சும் அமுக்கி எடுத்துட்டு என் மேல பழியப் போடவா?"

"நான் வண்டியத் தொடல. இந்தா, கையக் கட்டிக்கிட்டேன்."

கட்டிக்கொண்டு நின்றேன். செல்லத்தாய் பெண்களை ஓரமாக நிறுத்தினார். இத்தனை பேர் பார்க்கும்போது முருகேசனால் மறுக்க முடியவில்லை. ஓங்கிச் சாத்தினார்.

உள்ளே அடைபட்ட காற்று தள்ளியதில், கொதிக்கிற சட்டியின் மூடி போலக் கண்ணாடியின் மேல்விளிம்பு எழும்பியது. அப்படியே பானெட் மேல் சரிந்தது. கட்டிய கையை அவிழ்த்து நான் ஒரு பக்கம் பிடித்தேன். மறுபக்கம் செல்லத்தாய் ஓடிவந்து பிடித்துவிட்டார்.

பேஸ்டைப் பார்த்தேன். மேலே தோல் மாதிரி காய்ந்திருந்தது. விரலால் குத்தினால் உள்ளே அல்வா மாதிரி கொழகொழவென்று இருந்தது.

"எங்க வச்சுக் காயவச்ச?"

முருகேசன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஸ்டோருல."

ஸ்டோர் என்றால் பறித்த பச்சைக்காயை விறகுச் சூட்டில் காயவைக்கிற கட்டடம். அதை ஒட்டிய ஷெட்டில் காரை விட்டு, சூடான காற்று வரும் தகரக் குழாயைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்.

"ஈரக் காயே ஒரு ராத்திரியில காயுது. பேஸ்ட் காயாதான்னு நெனச்சேன். வழி இல்லன்னு நீங்க சொன்னது பொய்யின்னு நெனச்சேன் பாய்."

"இந்தப் பேஸ்ட் சூட்டுல காயாது மாப்ளே. காத்துல இருக்குற ஈரத்தக் குடிச்சுத்தான் இறுகும். வெறும் சூட்டக் காட்டுனா மேல தோலு கட்டிக்கிரும், காத்து ஈரம் உள்ள எறங்காது. மூடுபனியில வாசல்லயே சும்மா நிறுத்தியிருந்தாக்கூட இதுக்கு நல்லா இருந்திருக்கும்."

"பனியில காயுறதப் போயி அடுப்புல வச்சிருக்காரு" என்றார் செல்லத்தாய். பெண்கள் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி திரும்பி மலையைப் பார்த்தாள். முந்தின நாள் அந்தப் பாதையில் அவர்கள் போயும் வந்திருக்கிறார்கள். சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று யாரும் மலையேறவில்லை. காரைக் கடைக்குக் கொண்டுவந்து, கொழகொழத்ததை எல்லாம் சீவி எடுத்து, பிரைமர் தடவி, அதே கண்ணாடியை ஒட்டினேன். வண்டி ராத்திரி என் கடையில்தான் நிற்க வேண்டும். முருகேசன் சரி என்றார். கொஞ்ச நேரம் அங்குமிங்கும் நடந்தார். பிறகு பானெட்டைத் திறந்து பேட்டரியைக் கழற்றி, இடுப்பில் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போனார். எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது.

காலையில் பேட்டரியோடு திரும்பி வந்தார். செல்லத்தாயும் வந்தார். ஏறுவதற்கு முன் மேல்மூலையில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினார். கதவை ஒருமுறை ஓங்கிச் சாத்தினார். மறுபடி அழுத்தினார். என் கடை வாசலில், நான் ஒட்டிய கண்ணாடியை!

"அக்கா, அது பாய் ஒட்டுனது" என்றார் முருகேசன்.

"யாரு ஒட்டுனா என்ன? முன்னாடி ஒக்காரப் போறது நானு."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் யோசித்துப் பார்த்தால், நான் முருகேசனைச் சந்தேகப்பட்டுப் படம் எடுத்தேன். அவர் என்னைச் சந்தேகப்பட்டு ஸ்டோரில் காயவைத்தார். கண்ணாடியைச் சந்தேகப்பட்டவர் செல்லத்தாய் ஒருத்தர்தான். அதனால்தான் அத்தனை பேரும் உயிரோடு இருக்கிறார்கள்.

வீட்டிலேயே கண்ணாடி மாற்ற நினைக்கும் தம்பிகளே, தாராளமாக மாற்றுங்கள், ஆனால் சரியா என்று சொல்ல வேண்டியவர் ஒட்டியவர் இல்லை. இப்போதெல்லாம் நானும் வேலை முடிந்ததும் சாவியை உடனே கொடுப்பதில்லை. முன்சீட்டில் யார் உட்காருவார்கள் என்று கேட்பேன். அவர்களைக் கூட்டிவந்து மூலையை அழுத்திப் பார்க்கச் சொல்வேன். அவர்கள் சரி என்ற பிறகுதான் சாவி.