செம்பருத்தி கவுனும் ஒரு பொட்டு மஞ்சளும்

நான் நன்றாக உடுத்துகிறவள். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. பெங்காலிகள் நிறைந்த டாக்குரியாவில் எங்கள் குடியிருப்பின் லிஃப்டில் நான் ஏறினால் உள்ளே இருப்பவர்கள் முதலில் என் உடையைப் பார்ப்பார்கள், பிறகுதான் முகத்தை. கோடைக்கு எலுமிச்சம்பழம் அச்சிட்ட குர்தா. மழைக்குப் பெரிய பெரிய இலைகள் படர்ந்த சட்டை. சரஸ்வதி பூஜைக்கு ஊரே மஞ்சள் உடுத்தும்போது என் மஞ்சளில் மட்டும் கிளிகள் பறக்கும். எல்லாமே கரியாஹாட் கடைத்தெரு நடைபாதையிலும் தள்ளுபடிக் கடைகளிலும் பொறுக்கியவை.

விமான நிலையத்தில் கறுப்புக் கண்ணாடியோடு நடந்துபோகும் நடிகைகளின் படங்களைக் கைபேசியில் சேர்த்து வைப்பது என் வழக்கம். அவர்கள் போட்டிருப்பதன் விலையில் எங்கள் வீட்டில் ஒரு வருஷம் அடுப்பு எரியும். அதனால் விலையை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பார்ப்பேன். பூ எவ்வளவு பெரிது, கழுத்தை எப்படி வெட்டியிருக்கிறார்கள், இடுப்பில் பெல்ட் உண்டா என்று மனப்பாடம் செய்துகொண்டு கடை கடையாக ஏறி இறங்குவேன். அகப்பட்டதைத் தெருமுனை டெய்லர் அங்கங்கே பிடித்துக் கொடுத்தால் பாதி நடிகை ஆகிவிடுவேன். மீதிப் பாதிக்கு என் நடை போதும்.

இந்தத் தைரியம் கூடப் பிறந்ததல்ல. நான் நல்ல கறுப்பு, ஆளும் அகலம். சின்ன வயதில் அம்மா எனக்கு எடுத்ததெல்லாம் வெளிர் நிறத்தில் பொடிப் பூ, பொடிப் புள்ளி. ஆசையாக எதையாவது தொட்டால், "உன் நிறத்துக்குப் பெரிய பூ எடுக்காதுடி" என்று கையை விலக்கிவிடுவாள். அப்பாவின் ரயில்வே வேலைக்காகத் திருச்சியை விட்டு வந்தவள் அவள். பாஷை தெரியாத ஊரில் யார் கண்ணிலும் படாமல் இருந்துவிட்டால் போதும் என்பது அவள் கணக்கு. நான் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு அந்தக் கணக்கை மாற்றி எழுதினேன். நாற்பதைத் தாண்டியும் அடங்கவில்லை. அப்பா போன பின் என்னோடு இருக்கும் அம்மா என் அலமாரியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள்.

அந்த வருஷம் துர்கா பூஜையில், சப்தமி மாலை நிகழ்ச்சிகளைத் தொகுத்து வழங்கும்படி எங்கள் குடியிருப்பின் பூஜைக் கமிட்டி என்னைக் கேட்டது. பெங்காலி அல்லாத ஒருத்தியின் கையில் அந்த மைக்கைக் கொடுத்தது அதுவே முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. என்ன பேசுவது என்பதைவிட என்ன உடுத்துவது என்பதில்தான் தூக்கம் போயிற்று. அந்த மேடையில் நான் நானாகவே நிற்க வேண்டும்.

கறுப்புத் துணியில் உள்ளங்கை அகலச் செம்பருத்திகள் பூத்த நீண்ட கவுனை ஒரு நடிகை போட்டிருந்த படம் மாதக்கணக்காக என் கைபேசியில் இருந்தது. அதன் தங்கை மாதிரி ஒன்று பூஜைத் தள்ளுபடியில் மாட்டியது. என் அளவில் ஒன்றே ஒன்று. பில் போடும்போது எந்தப் பேய் பிடித்ததோ, சந்தன நிறத்தில் பொடிப் புள்ளி போட்ட இன்னொரு கவுனையும் சேர்த்து வாங்கினேன். எதற்கும் இருக்கட்டும், வேண்டாததைத் திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்ற நினைப்பு.

வீட்டில் செம்பருத்தியைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் சுற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்து ஃபிளாட் பௌதி வந்தாள். இங்கே அக்கம்பக்கத்து அண்ணிமார்களெல்லாம் பௌதிதான். ஏற இறங்கப் பார்த்தாள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "பூவெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மேடை விளக்கு உன் நிறத்தை இன்னும் இறக்கிக் காட்டுமே, இந்த வயதில் வெளிர் நிறம் கௌரவமாக இருக்காதா" என்று பெங்காலியில் அன்பொழுகச் சொல்லிவிட்டுப் போனாள். ஊசி ஏற்றுகிற நர்ஸுக்குக்கூட அவ்வளவு இனிமையான குரல் வராது.

யார் பேச்சுக்கும் மசியாதவள் என்று இவ்வளவு நேரம் பீற்றிக்கொண்டேனே, அன்றைக்கு மசிந்துபோனேன். கண்ணாடியில் அந்த நடிகை போய்விட்டாள், பொடிப்பூச் சட்டை போட்ட கறுப்புச் சிறுமி நின்றாள். செம்பருத்தியைக் கழற்றி மடித்து விலை அட்டையோடு கடைப் பைக்குள் போட்டு, ஆபீஸ் போகும் வழியில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று வாசல் நாற்காலியில் வைத்தேன். புள்ளி கவுனை அலமாரியில் மாட்டினேன். அம்மா ஹாலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

காலையில் பையை எடுத்தால் மஞ்சள் வாசனை. எங்கள் வீட்டில் புதுத் துணி எதுவானாலும் குழைத்த மஞ்சளை ஒரு ஓரத்தில் தொட்டு வைத்துவிட்டுத்தான் உடுத்துவது. மடிப்புக்குள்ளே, வெளியே தெரியாத இடமாகப் பார்த்துக் கடுகளவு வைப்பாள் அம்மா. இந்தத் தடவை கழுத்துக்கு உள்ளே தைத்திருந்த லேபிளில் நெற்றிப் பொட்டு அளவுக்கு அப்பியிருந்தாள். தொங்கிக்கொண்டிருந்த விலை அட்டையிலும் இன்னொன்று. உலகத்தில் எந்தக் கடைக்காரனும் அதைத் திரும்ப வாங்க மாட்டான்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க! இது திருப்பிக் குடுக்கற துணிம்மா!" என்று கத்தினேன்.

"புதுத் துணி வீட்டுக்கு வந்தா மஞ்சள் வைக்காம இருப்பாங்களா?" என்றாள், காபியை ஆற்றிக்கொண்டே.

அலமாரிக்கு ஓடினேன். புள்ளி கவுன் வாங்கியபடியே இருந்தது. லேபிள் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"அப்ப இதுக்கு ஏன் வைக்கல?"

"அதுவா? அதைத்தான் திருப்பிக் குடுக்கப்போறேன்னு நெனச்சேன்" என்றாள் அம்மா. டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, "பௌதி கிடக்கறா. நீ குடி" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பொடிப் புள்ளியைத் தவிர வேறெதையும் என் உடம்பில் ஏறவிடாத அதே அம்மா.

அன்று மாலையே புள்ளி கவுனைத் திருப்பிக் கொடுத்து, அதே கடையில் ஒரு பருத்திப் புடவை எடுத்தேன். கரும்பச்சையில் உடல் முழுக்கப் பெரிய பெரிய மாங்காய்கள். பிரித்துக் காட்டியதும் அம்மா பதறினாள். "எனக்கு எதுக்குடி இவ்வளவு பெரிய மாங்கா? யாராவது சிரிக்கப்போறாங்க. போய் மாத்திட்டு வா."

சாமி அலமாரியில் இருந்த மஞ்சள் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, அவள் கண் முன்னாலேயே விலை அட்டையில் வைத்து அழுத்தினேன்.

சப்தமி மாலை பந்தல் விளக்குகள் மொத்தமும் என் மேல் விழுந்தன. என் கறுப்பின் மேல் செம்பருத்திகள் செக்கச்செவேலென்று எரிந்தன. குரல் பிசிறவில்லை. கைதட்டலை நான் கேட்டேன், கழுத்துப் பக்கத்திலிருந்து வந்த மஞ்சள் வாசனையையும் முகர்ந்தேன். கூட்டத்திலேயே அழகாக உடுத்தியிருந்தவர்கள் இரண்டு பேர், மேடையில் நான், முன்வரிசையில் என் அம்மா.

இறங்கி வந்ததும் பௌதி கவுனின் கையைத் தொட்டுப் பார்த்து, எந்தக் கடை, இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். காய்கறிக்காரனைத் தாண்டி யாரிடமும் அதிகம் பெங்காலி பேசியறியாத அம்மா, மாங்காய்ப் புடவையின் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, தப்பும் தவறுமான பெங்காலியில் பந்தலுக்கே கேட்கும்படி சொன்னாள்: ஒன்றுதான் இருந்தது, அது என் பெண்ணுக்கு.