நொச்சித் தொட்டியின் தட்டு

கொசுவர்த்திச் சுருள் என்றாலே சுரையாவுக்கு ஆகாது. மகள் இஃப்ஃபத்துக்கு வீசிங் வேறு. அதனால் நொச்சி இலையை வேப்பெண்ணெயில் போட்டுக் காய்ச்சித் தானே எண்ணெய் தயாரித்தாள். மாடியில் தொட்டி தொட்டியாக நொச்சி வளர்த்தாள். ரெட்டியார்பாளையத்தில் அவள் தெருவில் பாதி வீடுகளில் அவள் கொடுத்த செடிதான். கேட்டவர்களுக்குக் கொடுத்தாள், கேட்காதவர்கள் தலையிலும் கட்டினாள். அப்படி ஒரு பிடிவாதக்காரி.

அந்தி சாய்ந்து மஃரிப் பாங்கு கேட்டதும் ஜன்னல்களைச் சாத்துவாள். மகளை இழுத்து உட்காரவைத்துக் கைகால் முழுக்க எண்ணெய் தேய்ப்பாள்.

“நாத்தம் தாங்கலம்மா.”

“கொசுவுக்கும் அப்படித்தான்டி இருக்கும்.”

ராத்திரியில் அந்த வீட்டில் கொசுச் சத்தமே கேட்காது. அது உண்மைதான்.

மழை விட்ட வாரம் இஃப்ஃபத்துக்குக் காய்ச்சல் கண்டது. “எங்க வூட்ல கொசுவே கெடையாது, டெங்கு எப்புடி வரும்?” என்று அடித்துச் சொன்னாள் சுரையா. கஷாயம் வைத்துக் கொடுத்தாள். காய்ச்சலும் விட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்து என்று யாராவது அவளுக்குச் சொல்லியிருக்கலாம், பாவி மக்கள். கைகால் சில்லிட்ட பிறகுதான் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மறுநாள் மையத்தாகத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

அடக்கம் முடிந்து சில நாட்கள் கழித்து, வீடு வீடாகப் பார்க்கும் சுகாதார ஊழியர் சிவசங்கரி மாடி ஏறினாள். கீழ்வீட்டுத் துணியில் செம்மண் தண்ணீர் சொட்டாமல் இருக்க, ஒவ்வொரு தொட்டிக்கு அடியிலும் சுரையா ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்திருந்தாள். தட்டு நிறையத் தண்ணீர் நின்றது. அதில் கொசுப்புழு நெளிந்தது.

“இது பகல்ல கடிக்கிற டெங்குக் கொசும்மா. செடி மேல தப்பில்ல, தட்டுல நிக்கிற தண்ணியாலதான். காலைல செடிக்கு யாரு தண்ணி ஊத்துவாங்க?”

“எம் பொண்ணு,” என்றாள் சுரையா.

பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில், முந்தின சாயங்காலம் தேய்த்த எண்ணெய் சோப்பில் போய்விட்ட கைகளோடு, அந்தத் தட்டுகளுக்கு நடுவில்தான் பிள்ளை நின்றிருக்கிறது.

சுரையா செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கினாள். தான் தட்டோடு செடி கொடுத்த வீடுகளில் எல்லாம் நுழைந்து தட்டுகளைக் கவிழ்த்தாள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து யாரும் தடுக்கவில்லை. கடைசி வீட்டுத் துர்கா மட்டும், இடுப்பில் கைக்குழந்தையோடு, கவிழ்த்த தட்டை நிமிர்த்தி மறுபடி குவளையால் தண்ணீர் ஊற்றினாள்.

“நீ குடுத்த செடிதானே அக்கா. இத வச்சப்பறம் கொசுத் தொல்லயே இல்ல. காஞ்சிடப் போவுது.”

சுரையா குவளையைப் பிடுங்கி எறிந்தாள். குழந்தையின் காலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கணுக்காலில் கொசு கடித்த இடம் புதிதாகத் தடித்திருந்தது.