தவிட்டுக்கு வாங்கிய அக்கா

உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தச் சாம்பல் நிறப் பொம்மை இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. தபால்தலை அளவுக்கு ஒரு திரை, கீழே மூன்று பொத்தான்கள். பேட்டரியைக் கழற்றிப் பல வருடங்கள் ஆகின்றன. மைசூர் ஹெப்பாளில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க இயந்திரங்களோடுதான் என் பிழைப்பு. இது ஒன்றுக்கு மட்டும் மறுபடி பேட்டரி போட எனக்குத் துணிவு வந்ததில்லை.

அது அக்காவுடையது. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு எட்டு. பள்ளி விட்டு வந்ததும் டிவியில் ஒரு கார்ட்டூன் தொடர் பார்ப்போம். கணினிக்குள் இருக்கும் உலகத்துக்குப் போய்விட்ட பிள்ளைகள், ஆளுக்கொரு விசித்திர மிருகம் துணை. பிள்ளைக்கு ஆபத்து வந்தால் மிருகம் பெரிதாக வளர்ந்து காப்பாற்றும். செத்துப்போனால் முட்டையாகி மறுபடி பிறக்கும். “திரும்பிப் பொறந்தா பழசெல்லாம் ஞாபகம் இருக்குமா?” என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். “இருக்கும் கணே, சும்மா இரு” என்று இடது கையால் என் தொடையில் கிள்ளுவாள். மைசூரில் வளர்ந்த எங்கள் தமிழில் கன்னடம் தாராளமாகப் புழங்கும். நம் ‘டீ’ போன்ற அந்தக் கணே இல்லாமல் அக்காவுக்குப் பேச்சே முடியாது. என்னைத் தவிட்டுக்கு வாங்கியதாகச் சொல்லி அழவைப்பதும் அவளுக்கு அன்றாட வேலை. பொம்மையின் திரைக்குள் ஓடியாடும் கறுப்புப் புள்ளி மிருகத்துக்குக் கரியன் என்று பெயர் வைத்திருந்தாள். வேளாவேளைக்குப் பொத்தானை அழுத்திச் சோறு போடாவிட்டால் செத்துவிடும். திரையின் மூலையில் அதன் வயது நாள் கணக்கில் தெரியும். காலையில் பல் விளக்குமுன் அந்த எண்ணைத்தான் பார்ப்பாள்.

அந்த வருடம் அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பொம்மையை என் கையில் திணித்து, “நான் வர்ற வரைக்கும் கரியனைச் சாக விடாதே கணே” என்றாள். எட்டு நாள் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். ஒன்பதாம் நாள் பரீட்சை. பொம்மையை வீட்டிலேயே மறந்துவிட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் திரையில் ஒரு முட்டை மட்டும் இருந்தது. பயத்தில் பொத்தானை அழுத்தினேன். முட்டை உடைந்து வேறொன்று வந்தது. பார்ப்பதற்குக் கரியன் போலவேதான் இருந்தது. அன்று மத்தியானம்தான் அக்காவுக்கு மூச்சு நின்றுபோய், டாக்டர்கள் போராடி மீட்டதாக அம்மா பிறகு சொன்னாள். நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

நாலு நாளில் அவளைக் கூட்டி வந்தார்கள். எமனிடமிருந்து மீண்ட பிள்ளையைத் தவிட்டுக்குக் கொடுத்து வாங்குவது அப்பாவின் ஊரான கொள்ளேகால் பக்கத்து வழக்கம். அந்த வீட்டுப் பிள்ளை போய்விட்டது, இது வேறு பிள்ளை என்று எமன் ஏமாந்துவிடுவானாம். அத்தை பஸ்ஸில் கொண்டுவந்த தவிட்டை அம்மாவின் மடியில் கொட்டிவிட்டு, முன்வாசலில் நின்ற அக்காவைக் கையோடு கூட்டிப் போனாள். கொஞ்ச நேரம் கழித்துப் பின்வாசலில் கொண்டுவந்து விட்டாள். “இந்தாங்க, இது எங்க புள்ளைங்க. இனி நீங்க வளத்துங்க.” அம்மா அழுதுகொண்டே, “வா சாமி, உள்ள வா” என்றாள். அக்கா வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வலது காலை எடுத்து வைத்தாள்.

பொம்மையை நீட்டினேன். வலது கையால் வாங்கினாள். ஐம்பதைத் தாண்டியிருக்க வேண்டிய எண் அங்கே நாலு என்று இருந்தது. நீண்ட நேரம் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “நல்லா வளத்திருக்கே” என்று சிரித்தாள். கணே வரவில்லை. அதன் பிறகு வரவே இல்லை. இடது கைப்பழக்கம் போனது, முன்பு தொட்டாலே குமட்டிய பாலாடையை வழித்துச் சாப்பிட்டாள். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு அப்படியெல்லாம் ஆகலாம் என்றார் டாக்டர். என்னை அவள் ஒருமுறைகூடக் கிள்ளவில்லை. வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தாள், தலை பின்னிவிட்டாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, கிள்ளுகிற அக்காவுக்காக அழுதேன். இரண்டுமே உண்மைதான்.

போன ஞாயிறு மத்தியானம் அம்மா வீட்டுக்கு அவள் வந்திருந்தபோது அந்தப் பொம்மையை எடுத்துப்போய்க் காட்டினேன். இனியும் தாங்காது என்று, “நீ ஆஸ்பத்திரில இருந்தப்பவே கரியன் செத்துப்போச்சுக்கா. இது வேற” என்றேன். அவள் முந்தானையால் திரையைத் துடைத்தாள்.

“தெரியும். முதல் நாளே நம்பரைப் பாத்தேனே. நான் யார்கிட்டயும் சொல்லல.”

கொல்லையிலிருந்து அம்மா கூப்பிட்டாள். அக்கா பொம்மையை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள்.

“நீயும்தான் என்னைப் பத்தி இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லல. அப்படியே இருக்கட்டும்” என்றாள். “இதோ வர்றேம்மா” என்று குரல் கொடுத்தபடி பின்வாசலைப் பார்த்து நடந்தாள்.