கோட்டையை எரித்தவன் ஏன் மன்னிப்புக் கேட்கவில்லை?

போன ஞாயிற்றுக்கிழமை கள்ளிக்குப்பத்தில் ஒரு அபார்ட்மென்ட்டுக்குப் போயிருந்தேன். என் சரித்திரக் காதல் நாவலை அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து படித்திருக்கிறார்கள். நேரில் வந்து கருத்துக் கேட்கச் சொல்லி அழைப்பு. கருத்துக் கேட்டுக் கேட்டே அலுத்துப்போன காது என்னுடையது. ஆனாலும் போனேன்... வாசகர் கூப்பிட்டால் மறுக்கத் தெரியாத வியாதி.

கதையைப் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பகைநாட்டுப் படைத்தலைவன் இளவரசியின் கோட்டையை எரிக்கிறான். அவள் அவனைக் கொல்லத் துடிக்கிறாள். கடைசியில் கல்யாணம். அவ்வளவுதான்.

லிஃப்ட் ரிப்பேர். மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார்கள். குதிரைகள் அதிகம் என்றார் ஒருவர். முத்தம் போதவில்லை என்றாள் ஒரு ஐ.டி. பெண். நான் தலையாட்டிக்கொண்டே சமோசாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோபாவின் ஓரத்திலிருந்து சுமதி என்பவர் கேட்டார். "கோட்டையை எரிச்சவனை எப்படி மேடம் அவ கட்டிக்கிட்டா? எரிக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டானா?"

எதிர் மூலையிலிருந்து ஒரு ஆண்குரல் — அதுவும் என்னைப் பார்த்தே. "அது பழைய கோட்டைங்க மேடம். மெயின்டனன்ஸ் ஜாஸ்தி."

"பழசோ புதுசோ, அது அவளோட கோட்டை மேடம்."

"அதான் புதுசா மாளிகை கட்டிக் குடுத்தானே மேடம்?"

மாளிகையா? நான் அப்படி எதுவும் எழுதவில்லையே? குழம்பிப்போய், என்னை அழைத்த கற்பகத்தைப் பார்த்தேன். இந்த ஏரியாவிலேயே பிறந்து வளர்ந்தவர். என் காதோரம் குனிந்தார்.

"புருசன் பொண்டாட்டி மேடம். அந்தம்மா மொத சம்பளத்துல வாங்கின ஸ்கூட்டர, அண்ணாத்தே சொல்லாம கொள்ளாம வித்துட்டாரு. புது வண்டி கீழ நிக்கிது, இந்தம்மா தொட்டுகூட பாக்கல. ஒரு மாசமா ஒரே ஊட்ல பேசாமத்தான் கீறாங்க. உங்க புக்க வெச்சி இப்பதான் வாயத் தொறக்கறாங்க."

சுமதி இப்போது குரலைத் தாழ்த்தியிருந்தார். "தப்பு என்னுதுன்னு ஒரு தடவையாவது அவன் சொல்றானான்னு கடைசிப் பக்கம் வரைக்கும் தேடினேன் மேடம். சொல்லவேயில்ல."

உண்மைதான். அவளுக்காகத் தோளில் அம்பு வாங்குகிறான், வெள்ளத்தில் குதிக்கிறான், நாட்டையே விட்டுக்கொடுக்கிறான்... அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. எழுதும்போது எனக்கும் தோன்றவில்லை, பாருங்களேன். உயிரைக் கொடுக்கிற ஆண்களையே படித்துப் படித்து, மன்னிப்புக் கேட்கிற ஆணைக் கற்பனை செய்யக்கூட நமக்கு மறந்துவிட்டதா?

கிளம்பும்போது சுமதியின் கணவர் என்னை வழியனுப்பக் கீழே வந்தார். புது வண்டி உறை பிரிக்காத சீட்டோடு நின்றது. அதைப் பார்த்தபடியே சொன்னார்.

"அடுத்த பதிப்புல அவன் மன்னிப்புக் கேக்கற மாதிரி மாத்திடுங்களேன் மேடம்."

எனக்கு அசதி. மதுரவாயல் டிராஃபிக் வேறு காத்திருந்தது.

"நான் மாத்தினா அந்த இளவரசிதான் சார் சமாதானம் ஆவா. மேல உக்காந்திருக்கறவங்க?"

அவர் அண்ணாந்து மூன்றாவது மாடியைப் பார்த்தார். அப்புறம் திரும்பிப் படியேறினார். ஆட்டோவில் உட்கார்ந்து பார்த்தேன். படிக்கட்டு ஜன்னலில் தெரிந்தார். முதல் மாடியில் நின்றார். இரண்டாவது மாடியில் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே நின்றார். அப்புறம் ஏறினார்.

என் படைத்தலைவன் கோட்டைச் சுவரையே ஒரே மூச்சில் ஏறியவன்... மேலே போய் மன்னிப்புக் கேட்கிற வேலை அவனுக்கு இல்லையே.